ஏழாவது அழகம்மா

அத்தியாயம் 6

“நாலு மணி,” என்றார் ஆசிரியர் ராஜலிங்கம். “நாலு மணிக்கு முதற் பக்கத்தைப் பூட்டுவம். அதுக்குள்ள அந்த மனுசியைக் கொண்டுவந்து என்ர மேசைக்கு முன்னால இருத்துங்கோ, பிள்ளை. இல்லையெண்டால் மன்னிப்புத்தான்.”

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே இப்படி ஒரு வரவேற்பு. அம்பிட்டிய வீட்டில் தேத்தண்ணியை அரைகுறையாகக் குடித்துவிட்டு ஓடி வந்திருந்தாள் டொரதி. அச்சுக் கோத்த பக்கத்தை இரும்புச் சட்டத்தில் வைத்து முடுக்கிப் பூட்டிவிட்டால், பிறகு ஒரு கமாவைக்கூட அசைக்க முடியாது. இந்த ஐந்து வாரத்தில் அவள் கற்றுக்கொண்டதில் அது ஒன்று.

பேராதனைப் பல்கலைக்கழக விடுமுறையில் கண்டி ‘மலைச்சுடர்’ வாரப் பத்திரிகைக்கு ஆறு வாரப் பயிற்சி நிருபராக வந்தவள் டொரதி. முதல் மூன்று வாரம் பாடசாலை விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, சந்தைக் கூரை ஒழுக்கு என்று எழுதித் தள்ளினாள். நாலாவது வாரம் ஒரு பெண், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அலுவலகப் படியேறி வந்தாள். புசல்லாவைக்கு அந்தப் பக்கம் குருவிமலைத் தோட்டம். பெயர் அழகம்மா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் உர மூட்டைகளையும், புல்லுக்கு அடிக்கும் மருந்து டின்களையும் அடுக்கிவைத்திருக்கிறார்களாம். நாலு பிள்ளைகள் மூச்சு இளைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்களாம். ஆஸ்பத்திரியில் ஒரு தாதியிடம் விசாரித்தாள் டொரதி. பிள்ளைகள் வந்தது உண்மை என்றார் தாதி. அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

செய்தி முதற் பக்கத்தில் வந்தது. ‘முருகையாவின் மனைவி அழகம்மா கூறுகிறார்’ என்று. அதற்குப் பதிலாக இப்போது தோட்ட நிர்வாகத்தின் வழக்கறிஞரிடமிருந்து ஒரு கடிதம். டொரதி அதை மூன்றாவது தடவையாகப் படித்தாள்.

‘எமது பதிவேட்டில் அழகம்மா என்ற பெயரில் ஏழு தொழிலாளர்கள் உள்ளனர். அவர்களில் எவருக்கும் முருகையா என்ற கணவர் இல்லை. இல்லாத பெண் சொன்ன இல்லாத செய்திக்கு நாளைய இதழின் முதற் பக்கத்தில் மன்னிப்புக் கோர வேண்டும். இதை உறுதிப்படுத்தும் சத்தியக்கடதாசியில் இன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தோட்டத் தலைவரே எமது அலுவலகத்தில் கையொப்பமிடுவார்.’

“மன்னிப்புப் போட்டால், பிறகு அந்தக் காம்பராவைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுத ஏலாது,” என்றார் ஆசிரியர். “மூட்டை அங்கயே கிடக்கும். பிள்ளைகளும் அங்கயே கிடக்கும்.”

அதுதான் டொரதியைச் சுட்டது. பயிற்சிச் சான்றிதழ் போனால் போகிறது என்று நினைக்கும் அளவுக்கு அவள் பெரிய மனசுக்காரி இல்லைதான். என்றாலும் அந்தப் பிள்ளை தூக்கத்தில் மூச்சுவிட்ட சத்தம் ஒரு வாரமாக அவள் காதை விட்டுப் போகவில்லை.

பத்திரிகையின் புகைப்படக்காரர் நளீர் கீழே தன் பழைய வேனோடு காத்திருந்தார். கெலிஓயாக்காரர், நாற்பத்தைந்து வயது. வேன் எப்போது நிற்கும் என்று வேனுக்கே தெரியாது. நளீரின் வாய் மட்டும் நிற்கவே நிற்காது.

“நளீர் நானா, நான் ஒண்ணு சொன்னா ஆசிரியர் சேர்கிட்டச் சொல்லமாட்டீங்களே?” என்றாள் டொரதி, பேராதனைப் பாலம் தாண்டியதும்.

“செல்லுங்க தங்கச்சி. என்ட வாயி பெட்டகம் மாதிரி.”

“பூட்டு இல்லாத பெட்டகம்.” டொரதி மூச்சை இழுத்துக்கொண்டாள். “முருகையாங்கிற பேர அந்தம்மா சொல்லவே இல்ல.”

வேன் ஒரு குலுக்குக் குலுக்கியது.

“புருசன் பேரைக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. தோட்டத்துல பொம்பளைங்க புருசன் பேரை வாயால சொல்லமாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? அப்ப அவங்க விரலை நீட்டிக் காட்டினாங்க. சேர் அன்னைக்கு வெளிய போயிருந்தாரு; அவரு கதிரைக்கு மேல கலண்டர் தொங்குது இல்லையா, முருகன் படம் போட்டது? ‘ஆ, விளங்கிச்சு, விளங்கிச்சு’ன்னு நான் எழுதிக்கிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவங்களும் எழும்பிட்டாங்க.”

“எழுதினதை வாசிச்சிக் காட்டல்லையா?”

“இல்ல.” வெட்கம் அவள் காது வரை ஏறியது. கத்தோலிக்க வீட்டுப் பெண்ணான தனக்கு இந்த வழக்கமெல்லாம் தெரிந்திருக்கிறதே என்ற பெருமை அன்றைக்கு அவளுக்கு. அவளுடைய அம்மா அப்பாவை ‘வில்பிரட்!’ என்று கூப்பிட்டால் அம்பிட்டிய மலையின் அடுத்த பக்கத்துக்குக் கேட்கும்.

நளீர் சிரித்தார். “எங்கட வீட்டில பொஞ்சாதி ஸுலைஹாவும் என்ட பேரைச் செல்லுறல்ல. ‘இந்தா’, ‘கேட்டா’, அவ்வளவுதான். பேரைச் செல்லிக் கூப்பிட்டாண்டா நான் ஏதோ பெரிய பிழை செஞ்சிரிக்கேன்டு அர்த்தம். சரி, தங்கச்சி, முருகனுக்குப் பேரு ஒண்ணா ரெண்டா? கந்தசாமி, வேலு, ஆறுமுகம், சுப்பிரமணியம்... நீங்க ஏன் முருகையாவைப் புடிச்சீங்க?”

டொரதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏழு அழகம்மாக்களில் எவளுடைய புருசனுக்கு முருகனின் வேறு பெயர் இருக்கிறதோ, அவள்தான் வந்தவள். விடை கிடைத்துவிட்ட மாதிரியே இருந்தது. வேன் இன்னும் வேகமாகப் போகக் கூடாதா என்று கால் பரபரத்தது.

குருவிமலையில் அவர்களை வரவேற்றவர் தோட்டத் தலைவர். தொழிற்சங்கத்தின் தலைவர் என்பதால் லயன் வீட்டுப் பிள்ளை முதல் தோட்டத்தை நடத்தும் துரை வரை எல்லாருக்கும் அவர் ‘தலைவர்’தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் குடை. பக்கத்திலேயே கணக்கப்பிள்ளை ஒருவர் வாயைத் திறக்காமல் காதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

“இங்க ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லீங்க,” என்றார் தலைவர். “அழகம்மாவைத்தானே பாக்கணும்? கொழுந்து நிறுவைக்கு வருவாங்க, பாருங்க.”

“பிள்ளைக் காம்பராவையும் பாக்கலாமா?”

“அதுக்குத் துரை உத்தரவு வேணும்,” என்றார் கணக்கப்பிள்ளை. அன்றைக்கு அவர் பேசியது அந்த ஒரு வசனம்தான். காம்பரா இருந்த பக்கமிருந்து காற்று வீசியபோது ஒரு காரமான நெடி வந்தது. நெடியைப் படம்பிடிக்கும் கமெரா தன்னிடம் இல்லை என்று நளீர் முணுமுணுத்தார்.

காலை நிறுவைக்குக் கொழுந்தோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். தலைவர் பெயர் சொல்லிக் கூப்பிட, அழகம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். உயரமான அழகம்மா, பல்லு விழுந்த அழகம்மா, நேற்றுத்தான் கல்யாணமான மாதிரி இருந்த அழகம்மா. தலைவரே ஒவ்வொருத்தியின் புருசன் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தார். கறுப்பையா. லூர்து. அழகையா. செத்துப்போன சின்னச்சாமி. ஒருத்தியின் புருசன் பெயர் வேலு என்றதும் டொரதி ஓரடி முன்னால் வந்தாள். ஆனால் முகம் வேறு. வந்தவளின் முகம் இந்த வரிசையில் எங்குமே இல்லை.

“ஆறு பேருதானே நிக்கிறாங்க?” என்றாள் டொரதி. “கடிதத்துல ஏழுன்னு இருக்கு.”

“ஏழாவது ஆளு இன்னிக்கு வேலைக்கு வரல்லீங்க. புள்ளைக்கு ஒடம்பு சொகமில்ல.” தலைவர் குடையைக் கை மாற்றினார். “அது ஒங்க ஆளு இல்ல. அது பேப்பர் காரியாலயத்துக்கெல்லாம் போற ஆளே இல்ல. எனக்கு நல்லாத் தெரியும்.”

பல்லு விழுந்த அழகம்மா தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். கணக்கப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்ததும் எல்லாரும் அவசரமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டார்கள்.

“அந்த ஏழாவது ஆளை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுறோமே?”

“மேப்பிரிவுங்க. ஏறி எறங்கவே ரெண்டு மணித்தியாலம் வேணும். மூணு மணிக்கு நானே கண்டியில நிக்கணும்.” பிறகு தலைவர் கொஞ்சம் தயங்கினார். “நீங்களும் அங்கதானே போறீங்க? பஸ்ஸு இன்னம் வரல்ல.”

இப்படியாக, தங்களுக்கு எதிராகக் கையெழுத்துப் போடப் போகிறவரைத் தங்கள் வேனிலேயே ஏற்றிக்கொண்டு கண்டிக்குத் திரும்பினார்கள். மணி பதினொன்றரை ஆகியிருந்தது; மேலே ஏறி இறங்கினால் நாலு மணிக்குள் கண்டிக்கு வந்துசேர முடியாது. வேறு வழி? தள்ளிவிட ஒரு ஆள் கூட இருந்தால் நல்லதுதான் என்றார் நளீர். கம்பளைக்கு இந்தப் பக்கம் அதுவும் நடந்தது. தலைவர் மறுபேச்சில்லாமல் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனைத் தள்ளினார். கெட்ட மனுசன் இல்லை என்று டொரதிக்குத் தோன்றியது. அது அவளை இன்னும் அந்தரப்படுத்தியது.

கண்டிப் பெரஹரா ஊர்வல வாரம். பேராதனையிலிருந்தே வாகனங்கள் நகர மறுத்தன. நளீர் ஸ்டேசன் பக்கம் வேனைப் போட்டார். தலைவர் கும்பிட்டு விடைபெற்று, நீதிமன்றப் பக்கம் நடந்தார். டொரதி அலுவலக மாடியேறியபோது இரண்டே கால்.

ஆசிரியர் அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தை அறிந்துகொண்டார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

“மன்னிப்பை நீங்களே எழுதுங்கோ, பிள்ளை. நான் எழுதினால் சொல் தடிச்சுப்போம். அந்தக் கதிரையில இருங்கோ.”

டொரதி அமர்ந்தாள். ஐந்து வாரமாக அவள் இருந்த இடம் ஆசிரியருக்குப் பின்பக்கம், மூலையில் ஒரு சின்ன மேசை. வருகிறவர்கள் இருக்கும் கதிரையில் அவள் இருப்பது இதுதான் முதல் தடவை. ‘வருந்துகிறோம்’ என்று எழுதினாள். வெட்டினாள். அந்தப் பெண்ணும் இதே கதிரையில்தான் இருந்தாள். இடது தோளில் பிள்ளை. வலது கையால்...

டொரதி தன் வலது கையை நீட்டிப் பார்த்தாள். கலண்டர் ஆசிரியரின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டித் தொங்கியது. அதைக் காட்ட வேண்டுமென்றால் கையை நன்றாக உயர்த்த வேண்டும். அந்தப் பெண்ணின் கை உயரவே இல்லை. மேசை மட்டத்திலேயே நின்றது. மூலையிலிருந்து பார்த்த டொரதிதான் அது கலண்டரைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டாள்.

விரல் நின்ற இடத்தில், வருகிறவர்களைப் பார்த்தபடி, ஒரு சின்ன மரப்பலகை. அதன் முதுகை மட்டுமே டொரதி ஐந்து வாரமாகப் பார்த்திருக்கிறாள். வெள்ளை எழுத்தில்: எஸ். ராஜலிங்கம், ஆசிரியர்.

“சேர்!” கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. “அந்தம்மா புருசன் பேருன்னு காட்டினது இந்தப் பலகையை! உங்க பேரு ராஜலிங்கம்!”

“ஓம், அம்மா வைச்சது,” என்றார் ஆசிரியர் திகைத்துப்போய்.

“நான் ஒரு நாளும் அதை நினைக்கல்ல சேர். இங்க எல்லாருக்கும் நீங்க சேர். அங்கயும் அப்படித்தான். அந்த ஆளையும் ஒருத்தர்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடல்ல!”

“எந்த ஆள்?”

“ஏழாவது அழகம்மாவை ‘எனக்கு நல்லாத் தெரியும்’னு சொன்ன ஆள். அதைக் கேட்டுத்தான் அந்தப் பல்லில்லாத அம்மா வாயைப் பொத்திச் சிரிச்சாங்க. சொந்தப் பொஞ்சாதியைத் தெரியாமப் போகுமா சேர்? தலைவர்தான்!”

படியில் நளீர் ஒரு இனிப்புப் பணிசைக் கடித்துக்கொண்டு ஏறி வந்தார். டொரதி அவரைப் பிடித்துத் திருப்பிக் கீழே இழுத்தாள்.

வீதி நெடுகப் பாய் விரித்து, இரவு ஊர்வலம் பார்க்க இப்போதே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது சனம். யாருடைய சோற்றுப் பொதியையோ மிதிக்கப் பார்த்தாள் டொரதி. யாரோ சிங்களத்தில் ஏசினார்கள். நளீர் பின்னாலிருந்து எல்லாருக்குமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடி வந்தார். “மன்னிப்பு நாளைக்குத்தானே வாறண்டு நெனச்சேன், தங்கச்சி. இண்டைக்கே தொடங்கிட்டு!”

வழக்கறிஞர் அலுவலகம் இரண்டாம் மாடி. பாதிப் படியில் தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம்.

“தலைவரே,” என்றாள் டொரதி. மூச்சு வாங்கியது. “உங்க பேரு என்னங்க?”

“ராஜலிங்கம். ஏன் தங்கச்சி?”

ஓடி வந்த வேகத்தில் அவள் ஒன்றை யோசிக்க மறந்திருந்தாள். அந்தப் பெண் புருசனுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். இப்போது சொன்னால், இன்றைக்கு இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும்? சொல்லாவிட்டால் இவர் மேலே போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார். டொரதி படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

தலைவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் குரல் மாறிவிட்டது.

“ஒங்க காரியாலயத்துக்கு வந்துச்சே, அந்தப் பொம்பளை. புள்ளையை எந்தத் தோள்ல போட்டிருந்துச்சி?”

டொரதி தலையைக் குனிந்தாள். பொய் சொல்லலாம். சொல்ல முடியவில்லை.

“இடது தோள்ல.”

“வலது கை தூக்க ஏலாது அவளுக்கு. ரெண்டு வருசமா நோவு.” அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “புள்ளைக்குக் கிளினிக்னு சொல்லிட்டுத்தான் வந்தா. எங்கிட்ட நாலு தடவை சொன்னா, அந்த மூட்டையைப் பத்தி. மழைக்கு உரம் கரைஞ்சிடும், ரெண்டு வாரந்தான், பொறுத்துக்கன்னேன். தொரை கேட்டாரு, நான்தான் சரின்னேன். தலைவர் சரின்னா தோட்டமே சரிதானே? அப்புறம் அவ அதைப் பத்திப் பேசவே இல்ல. சரி, அடங்கிட்டான்னு நெனைச்சேன்.”

அவருடைய கைக்குட்டை கசங்கி உருண்டைபோல் ஆகியிருந்தது.

“உங்க புள்ளையும் ஆஸ்பத்திரியில இருந்துச்சா?”

“பதினோரு நாளு. பனி ஒத்துக்கல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. “தலைவரே, வாங்க! எல்லாம் ரெடி!”

தலைவர் எழும்பி நாலு படி ஏறினார். அவர் வாசலில் நின்று உள்ளே பார்த்துச் சொன்னார்: “ஐயா, முருகையாவுக்கு அப்பிடி ஒரு சம்சாரம் இல்லங்கிறது நெசந்தான். ஆனா நான் கையெழுத்துப் போடமாட்டேன்.” பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கி வந்தார்.

மூன்று இருபதுக்கு இரண்டு ராஜலிங்கங்களும் ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர், டொரதி வெட்டிக் கிறுக்கிய தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுதிச் சத்தமாக வாசித்தார்.

“திருத்தம். குருவிமலைத் தோட்டப் பிள்ளைக் காம்பரா பற்றிய கடந்த வாரச் செய்தியில், திருமதி அழகம்மாவின் கணவர் பெயர் முருகையா எனத் தவறாக வெளிவந்தது. அவர் பெயர் ராஜலிங்கம். அச்செய்தியில் உள்ள மற்றைய விடயங்கள் யாவும் சரியானவை.” நிமிர்ந்து பார்த்தார். “போதுமோ?”

“இன்னும் ஒரு வரி போடுங்க,” என்றார் தலைவர். “மூட்டையை அங்க வைக்கச் சம்மதிச்சது அந்த ராஜலிங்கம்தான்னு.”

ஆசிரியரின் பேனை நின்றது. “தலைவர் பதவி போயிடும், தெரியுமோ?”

“எழுதுங்க.”

எழுதினார். தலைவர் கீழே கையெழுத்துப் போட்டார், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. தாள் அச்சுக் கோப்பவரிடம் ஓடியது. வெல்ல வேண்டியதை வென்றுவிட்டோம் என்று டொரதிக்குப் புரிந்தது. ஆனாலும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் இது இப்படிப் புருசன் கையாலேயே வெளியே வருகிறதே என்று கிடந்து அடித்துக்கொண்டது.

“பேப்பர் எங்க தோட்டத்துக்கு எத்தனை மணிக்கு வரும்?” என்று கேட்டார் தலைவர்.

“நாளைக்குக் காலமை, முதல் பஸ்ஸில,” என்றார் ஆசிரியர்.

“அப்ப நான் இப்பவே போகணுங்க.” அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இதை அவ பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்னு நானே போய்ச் சொல்லணும்.” வாசல்வரை போனவர் திரும்பி நளீரைப் பார்த்தார். “முப்பத்திரண்டு மூட்டை இருக்குங்க. பொழுது சாயிறதுக்குள்ள வெளிய எடுத்துடணும். ஒங்க வேன் வருமா?”

நளீர் எழும்பினார். சாவியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் படியிறங்கினார்.